முறையீடும் கரியும்: பிரிட்டானியப் படைத்துறை விசாரணைகள் – ஒரு பார்வை

முன்னுரை

‘சாட்சி’ என்னும் சொல் பெருவழக்கு எய்துவதற்கு முன்னர் நம் முன்னோர் ‘கரி’ என்னும் சொல்லை ஆண்டனர். பொய்க்கரி புகல்வோரைப் பூம்புகாரின் சதுக்கப் பூதம் தண்டிக்கும் எனச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொய்ச் சாட்சியம் ஊரைக் கெடுக்கும் என்னும் அச்சம் அச்செய்தியில் பொதிந்துள்ளது. ஆயின், பொய்க்கரிக்கு நிகரான வேறொரு கேடும் உண்டு. கண்டவரும் பட்டவரும் வாய் திறவாதிருத்தலே அது. இவ்வாய்மூடல் அச்சத்தால் மட்டுமன்றி விதியாலும் நேரக்கூடிய இடம் படைத்துறை. படையினரின் முறையீடுகள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதை ஆராய்ந்த விசாரணைகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அவற்றுள் பிரிட்டனில் நடந்தவற்றை எடுத்துக்கொண்டு, அங்குச் சாட்சியம் எவ்வாறு அளிக்கப்பட்டது, அதனால் விளைந்தது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முறையீடு வேறு, விசாரணை வேறு

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் நலம். படைவீரர் ஒருவர் தமக்கு நேர்ந்த அநீதியை எழுதிக் கொடுப்பது முறையீடு. அத்தகைய முறையீடுகள் ஒழுங்காகக் கையாளப்படுகின்றனவா என்று வெளியிலிருந்து ஆராய்வது விசாரணை. முன்னதில் ஒருவரின் வழக்கிற்குத் தீர்வு கிடைக்க வேண்டும். பின்னதிலோ தனி வழக்கு எதற்கும் தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. பலருடைய பட்டறிவுகளை ஒருங்கே வைத்து, அமைப்பில் உள்ள பழுது எங்கே என்று காண்பதே விசாரணையின் வேலை. இவ்வேறுபாட்டை உணராமல் சாட்சியம் அளிக்கச் செல்பவர், தம் வழக்கிற்கு நீதி கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாற்றமடைய நேரிடும்.

படைத்துறையில் முறையீடு ஏன் தனிச் சிக்கலாகிறது? ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர் மேலாளரோடு பிணங்கினால், மாலையில் வீடு திரும்பலாம், வேறு வேலை தேடலாம், தொழிற்சங்கத்தை நாடலாம். படைவீரருக்கு இவ்வழிகள் எளிதாக இல்லை. அவர் உண்பதும் உறங்குவதும் பாசறையில். அவருக்குப் பணி வகுப்பவரும், விடுப்பு வழங்குபவரும், பதவி உயர்வுக்குப் பரிந்துரைப்பவரும் அவருடைய மேலதிகாரிகளே. முறையீட்டைப் பெறுபவரும் பெரும்பாலும் அதே கட்டளைத் தொடரில் நிற்பவர். நம் மரபில் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அம்மணியின் கயிறு குற்றம் சாட்டப்பட்டவரின் கையருகே தொங்குமாயின் அதை இழுக்க எவர் துணிவார்?

டீப்கட் எழுப்பிய வினா

பிரிட்டனில் இவ்வினாவை நாடறியச் செய்தது டீப்கட் பாசறை. சர்ரே மாவட்டத்தில் இருந்த அப்பயிற்சிப் பாசறையில் 1995 முதல் 2002 வரையிலான காலத்தில் இளம் பயிற்சி வீரர் நால்வர் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தனர். பெற்றோர் ஓயாமல் குரல் எழுப்பினர். நாடாளுமன்றக் கீழவையின் பாதுகாப்புக் குழு, பயிற்சி வீரர்களைப் பேணும் கடமை குறித்து விசாரணை மேற்கொண்டபோது அவர்கள் அதன் முன் சாட்சியம் அளித்தனர். 2005-இல் வெளிவந்த அறிக்கையில், படைத்துறைக்குப் புறம்பான தனி முறையீட்டு ஆணையம் வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டில் வழக்குரைஞர் நிக்கலஸ் பிளேக் அளித்த மீளாய்வு அறிக்கையும், முறையீடுகளைக் கண்காணிக்கச் சார்பற்ற ஓர் அலுவலர் வேண்டும் என்றே கூறியது.

அரசு முழுமையாக இசையவில்லை. 2006-ஆம் ஆண்டுப் படைத்துறைச் சட்டத்தின் வழியே முறையீட்டு ஆணையர் பதவி உருவாயிற்று. சூசன் அட்கின்ஸ் முதல் ஆணையராக 2008-இல் பணியேற்றார். அவர் முறையீட்டைப் பெற்றுப் படைக்கு அனுப்பலாம். அதன் போக்கைக் கண்காணிக்கலாம். ஆண்டுதோறும் அறிக்கை தரலாம். ஆனால் தாமே புலனாய்வு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. வாயிலில் மணி வந்தது; மணியோசை கேட்டு எழுந்து வந்து ஆராய்வதற்குரிய அதிகாரம் வரவில்லை எனலாம். பாதுகாப்புக் குழு மீண்டும் சாட்சியம் கேட்டு, 2013-இல் இக்குறையைச் சுட்டிக்காட்டியது. 2015-இல் புதிய சட்டம் நிறைவேறி, 2016 ஜனவரியில் குறைதீர்ப்பாளர் பதவி நடைமுறைக்கு வந்தது. அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் நிக்கோலா வில்லியம்ஸ். முறையீட்டைப் படை கையாண்ட விதத்தைத் தாமே புலனாயும் அதிகாரம் இப்பதவிக்குக் கிடைத்தது.

சாட்சியம் அளிக்கும் முறை

நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை தொடங்கும்போது, எவ்வெவ் வினாக்களை ஆராயப் போகிறது என்பதை வெளியிட்டு, எழுத்து மூலமான சாட்சியத்தை வரவேற்கும். அவற்றைப் படித்த பின்னர் சிலரை நேரில் அழைத்து வினவும். நேரில் கூறப்படுபவை பெரும்பாலும் பொதுமக்கள் முன்னிலையில் பதிவாகும். வேண்டியவிடத்துப் பெயரை மறைத்து வெளியிடவும், மறைவாக வைத்துக்கொள்ளவும் குழு இசையலாம்.

சாட்சிக்குப் பாதுகாப்பும் உண்டு. 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின்படி, நாடாளுமன்ற நடவடிக்கையில் கூறியதற்காக ஒருவர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர இயலாது. குழுவின் முன் சாட்சியம் அளித்தமைக்காக ஒருவரைத் துன்புறுத்துவது குற்றம் என 1892-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் கூறுகிறது. ஏட்டளவில் இது வலிய அரண். எனினும், சாட்சியாக வந்து நிற்பதற்கே மேலதிகாரியின் இசைவு வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இவ்வரணால் பயன் என்ன?

இச்சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது 2020-இன் இறுதியில் தொடங்கிய விசாரணையில். படையில் பணியாற்றும் பெண்களின் நிலையை ஆராயப் பாதுகாப்புக் குழுவின் துணைக்குழு முனைந்தது. அதன் தலைவர் சாரா ஆதர்டன், தாமே முன்னர்ப் படையில் பணியாற்றியவர். படையினர் வெளியாரிடம் பேசுவதைக் கட்டுப்படுத்தும் துறை விதிகள் பணியில் உள்ள பெண்களின் சாட்சியத்திற்குத் தடையாக நின்றன. பணி ஓய்வு பெற்றோர் மட்டுமே பேசினால், “அது பழைய கதை, இன்று நிலைமை மாறிவிட்டது” என்று எளிதில் மறுத்துவிடலாம். ஆகவே, தடையை நீக்குமாறு குழு கேட்டது. பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் இசைந்தார்.

வாயில் திறந்ததும் நிகழ்ந்தது கருதத்தக்கது. பணியில் உள்ளோரும் ஓய்வு பெற்றோருமாக 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தம் பட்டறிவுகளைத் தெரிவித்தனர். பணியில் உள்ளோரில் 58 விழுக்காட்டினரும், ஓய்வு பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் கொடுமைப்படுத்தல், தொல்லை, பாகுபாடு ஆகியவற்றுக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாறு ஆளானோருள் பத்தில் அறுவர் முறையிடவே இல்லை. முறையிட்டோருள் மூன்றில் ஒருவர், தம் முறையீடு மிக மோசமாகக் கையாளப்பட்டதாகக் கருதினர். ஆயினும், பங்கேற்றோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படைப்பணியைப் பிற பெண்களுக்குப் பரிந்துரைப்போம் என்றும் கூறினர். இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். குறை கூறியவர்கள் படையை வெறுத்தவர்கள் அல்லர். தாம் நேசிக்கும் பணி செம்மையுற வேண்டும் என்று விழைந்தவர்களே. குறை சொல்பவரைப் பகைவராகக் காணும் மனப்போக்கிற்கு இவ்வெண்ணே தக்க மறுமொழி.

விளைவும் எச்சமும்

2021 ஜூலையில் வெளிவந்த அறிக்கை, பாலியல் தொடர்பான முறையீடுகளைக் கட்டளைத் தொடரிலிருந்து விலக்க வேண்டும் எனவும், வன்புணர்ச்சி வழக்குகளைப் படை நீதிமன்றத்திலிருந்து பொது நீதிமன்றத்திற்கு மாற்ற வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. பிந்தியதை அரசு ஏற்கவில்லை. பரிந்துரைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டது.

அவ்வாண்டு டிசம்பரிலேயே, லார்க்ஹில் பாசறையில் 19 வயதுப் படைவீராங்கனை ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மேலதிகாரி ஒருவரின் பாலியல் அத்துமீறல் குறித்து அவர் முன்னரே முறையிட்டிருந்தார். அம்முறையீட்டின் பேரில் படை தக்க நடவடிக்கை எடுக்கத் தவறியமையும் அவர் இறப்பிற்கு ஒரு காரணம் என 2025-இல் மரண விசாரணை முடிவு கூறியது. அவர் வாய் திறவாதவர் அல்லர், திறந்தார். கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கத் தவறினர். சாட்சியமும் முறையீடும் பயன் தர வேண்டுமாயின் உரைப்பவரின் துணிவு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

அதே 2025-இல் படைத்துறை ஆணையர் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. குறைதீர்ப்பாளரின் பணிகளை ஏற்பதோடு, படையினரும் குடும்பத்தாரும் நேரடியாக அணுகத்தக்கவராகவும், பாசறைகளுக்குத் தாமே சென்று பார்வையிடத்தக்கவராகவும் புதிய ஆணையரை அச்சட்டம் அமைக்கிறது. இதற்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது ஜெர்மனியின் நாடாளுமன்றப் படைத்துறை ஆணையர் பதவி. 1956-இல் அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்ற இப்பதவியின் சிறப்பு, எந்தப் படைவீரரும் மேலதிகாரியின் வழியாகச் செல்லாமல் நேரே எழுதலாம் என்பதே.

சாட்சிக்குரிய செம்மை

சாட்சியம் அளிப்பவர் கைக்கொள்ள வேண்டிய சிலவற்றை மாணாக்கர் கருதி இங்குத் தொகுத்துக் கூறலாம். தாம் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுபடுத்தி எழுதுதல், நாளும் வரிசையும் பிறழாமல் கூறுதல், முறையீடு கொடுத்த நாள், மறுமொழி வந்த நாள் ஆகியவற்றைத் தாள்களோடு காட்டுதல், வசைமொழி தவிர்த்தல், இறுதியில் எது மாற வேண்டும் என்பதை ஓரிரு தொடர்களில் தெளிவாக உரைத்தல். “எனக்கு அநீதி நேர்ந்தது” என்பதோடு நில்லாமல், “இந்த இடத்தில் விதி இவ்வாறு இருந்தமையால் அநீதி நேர்ந்தது” என்று காட்டுபவரின் சொல்லே விசாரணைக்குப் பெருந்துணையாகும்.

முடிவுரை

இருபதாண்டு காலத்தில் இரு முறை பதவியின் பெயரும் அதிகாரமும் மாறியுள்ளன. அம்மாற்றங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பிள்ளைகளை இழந்த பெற்றோரும், தம் பெயரை வெளியிட இயலாத படைவீராங்கனையரும் ஆவர். கட்டுப்பாடு படைக்கு உயிர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டுப்பாடு என்பது கட்டளைக்குப் பணிதல். கொடுமைக்கு வாய்மூடுதல் அன்று. படைக்கு மட்டுமன்றிப் பள்ளி, கல்லூரி, அலுவலகம், குடும்பம் என மேலோர் கீழோர் உள்ள அனைத்திடங்களுக்கும் இது பொருந்தும். மிகக் கீழ்நிலையில் நிற்பவர் அஞ்சாமல் பேசவும், மேல்நிலையில் இருப்பவர் சினவாமல் கேட்கவும் இயலுகின்ற இடத்திலேயே முறை நிலைபெறும் எனத் துணியலாம்.