பதக்கம் பெற்றவரிடம் உதவி நாடுவோர்க்கு

பசுமலை, திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் விளையாட்டு வீரர் ஒருவருக்குப் பாராட்டு விழா நடக்கும்போது, மேடையிலேயே மைக்கை அவர் கையில் கொடுத்து, "எங்கள் இல்லத்துக்கு ஒரு தொகை சொல்லிவிட்டுப் போங்கள்" என்று வற்புறுத்துவதும், சம்மதம் கேளாமல் அவர் படத்தை ஃப்ளெக்ஸில் அச்சிட்டு, அடியில் கூகுள் பே எண்ணைப் போட்டு வசூலிப்பதும் வழக்கமாகிவருகின்றன. செய்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதாலேயே இதைக் கண்டித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

சக்கிமங்கலத்தில் பாட்டியின் கூலிப் பணத்தில் வளர்ந்து, காலணியின்றி ஓடப் பழகி, 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடிய ரேவதி வீரமணி, தெற்கு ரயில்வேயில் சம்பளத்துக்குப் பணிபுரிபவர். தடகளத்திலும் கபடியிலும் நாம் கொண்டாடும் பலருடைய நிலை இதுவே, ஐ.பி.எல். ஏலத் தொகையை மனத்தில் வைத்து இவர்களை அளப்பது அநியாயம். அன்றியும், 1966 ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றி எந்தக் காரியத்துக்கும் நிதி திரட்டுவதில் ஊழியர் சம்பந்தப்படலாகாது. அவரை மேடையில் நிறுத்தி நன்கொடை கேட்கச் செய்பவர், அவருடைய உத்தியோகத்துக்கே சங்கடம் விளைவிக்கிறார். துறையின் அனுமதி எழுத்தில் வரும்வரை பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

விண்ணப்பம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்: காரியம் இன்னது, தொகை இவ்வளவு, அதில் கைவசம் உள்ளது இவ்வளவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரம், அல்லது 1975 ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளர் தந்த சான்று, அமைப்பின் பெயரிலேயே உள்ள பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், தணிக்கையான வரவு செலவு, 80ஜி என வழங்கும் வருமானவரிப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இணைக்கவேண்டும். அந்தப் பதிவு காலாவதியாகும் என்பதைக் கவனிப்பவர் அரியர், தேதியைப் பாருங்கள். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது. செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்பது எந்நாளும் தவறு. வீரருக்கு மேலாளர் இருந்தால் அவருக்கு, இல்லையெனில் பயிற்சியாளர் வழியாக விண்ணப்பத்தை அனுப்புங்கள், மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிப்பதும் நலம். வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள்.

பணத்தையே கேட்கவேண்டுமென்பதில்லை, ஏலத்துக்கு ஒரு பொருளையோ சிறிது நேரத்தையோ கேட்கலாம். நீரஜ் சோப்ராவின் ஈட்டி 2021 இல் ஏலத்தில் ரூ.1.5 கோடிக்குப் போயிற்று. ஆனால் பொருளோ நேரமோ தருபவரின் கௌரவத்தைக் காக்கும் பொறுப்பு கேட்டவரைச் சார்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், கொரோனா நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரமுகர்களோடு இணையத்தில் சதுரங்கம் ஆடியபோது, தொழிலதிபர் ஒருவர் கணினியின் துணைகொண்டு வென்று, பிறகு அதை ஒப்புக்கொண்டார். தர்மத்துக்கு வந்தவருக்கு வீண் மனக்கசப்பு. நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுவது அவசியம்.

சிகிச்சைக்காக வீரர்களைத் தேடி அலையும் குடும்பங்களுக்கு ஒரு சொல்: ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடனும் ஆதாருடனும் ஆட்சியர் அலுவலகத்துக்கு முதலில் செல்லுங்கள். இதை எடுத்துச் சொல்லவேண்டிய அதிகாரிகள் வாய் திறப்பதில்லை என்பது என் தீராத வருத்தம்.

வீரர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் பறிப்போரும் உண்டு. ஏமாந்தவர் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல், பரிவர்த்தனை எண்ணுடன் உடனே 1930க்கு அழைக்கவேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் புகார் பதிவானால்தான் வங்கி அதை முடக்கி வைக்க இயலும்.