அடித்து மெலிந்த ஊசி

குன்னத்தூர்ப் பக்கத்தில் பனியன் தைக்கும் பவர்டேபிள் ஷெட்டில் ஓவர்லாக் மெஷினின் ஊசி ஒடிந்துபோனால், டெய்லர் உடனே வேறு ஊசி மாட்டிவிட முடியாது. ஏற்றுமதி ஆர்டர் என்றால் ஒடிந்த துண்டுகளை எல்லாம் தேடியெடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். குழந்தை பனியனுக்குள் ஒரு துண்டு தங்கிவிடக் கூடாதே என்ற பயம்.

அந்தப் புது ஊசியை நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். மெஷினில் செருகும் தண்டு சுமார் 2 மில்லிமீட்டர் விட்டம். சற்றுக் கீழே ஒரு சரிவு. அதைத் தாண்டினால், 80ஆம் நம்பர் ஊசியில், வெறும் 0.8 மில்லிமீட்டர். மொத்தமும் ஒரே கம்பிதான். கடைந்து மெலிய வைத்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படிக் கடைந்தால் மெலிந்த பாகத்து எஃகில் 84 சதவீதம் சுருள் சுருளாகக் குப்பைக்குப் போய்விடும். இங்கே எதையும் சீவி எறிவதில்லை. அடித்தே மெலிய வைக்கிறார்கள். ரோட்டரி ஸ்வேஜிங் என்று பெயர்.

ஸ்வேஜிங் மெஷினில் சுழலும் அச்சின் தலையில் எதிரெதிரே இரண்டு அல்லது நான்கு டைகள், அதாவது அடிக்கும் அச்சுக் கட்டைகள். அவற்றைச் சுற்றி உருளைகள் பதித்த ஒரு வளையம். சுழற்சியில் டைகள் வெளியே விலகும். உருளையைக் கடக்கும்போதெல்லாம் முதுகில் இடிபட்டு உள்ளே பாயும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள். நடுவில் நுழையும் கம்பி, சூடேற்றப்படாமலே, சுற்றிலும் நெருக்குண்டு நீள்கிறது. கொல்லுப்பட்டறையில் கம்பியைத் திருப்பித் திருப்பித் தட்டுகிற அதே வேலைதான், அசுர வேகத்தில். எஃகு எங்கும் போய்விடவில்லை என்பதால், 2 மில்லிமீட்டர் பருமனில் 4 மில்லிமீட்டர் நீளமிருந்த கம்பி, 0.8 மில்லிமீட்டராக மெலியும்போது 25 மில்லிமீட்டர் நீளம் ஆகிவிடுகிறது.

மிச்சமாகும் எஃகை விட எனக்குப் பெரிதாகப் படுவது உறுதிதான். உலோகத்துக்குள் இழை போல ஓடும் அமைப்பைக் கடைசல் அறுத்துவிடும். ஸ்வேஜிங்கில் அது சரிவோடு சரிந்து தொடர்ந்து ஓடுகிறது. குளிர்ந்த நிலையிலேயே அடிபடுவதால் உலோகம் இறுகவும் செய்கிறது. சூடேற்றி ஆறவைத்தால் வரும் சுருக்கம் இல்லை, அளவு பிசகுவதில்லை. மேற்பரப்பும் வழவழவென்று வருகிறது. நிமிடத்துக்கு 6000 தையல் என்றால் நொடிக்கு 100 முறை ஊசி துணியில் இறங்கி ஏற வேண்டும். பருமன் மாறும் அந்தச் சரிவு பலவீனமாக இருந்தால் தாங்காது.

கார்களுக்கான உள்ளீடற்ற அச்சுத்தண்டு, துப்பாக்கிக் குழலின் உட்புறச் சுருள் பள்ளம் என்று இந்த முறை இப்போது எங்கெங்கோ போய்விட்டது. ஆனால் தையல் ஊசிதான் மூத்த பிள்ளை. கம்பியைக் குளிர அடித்து மெஷின் ஊசி செய்வதற்கென்றே 1866இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இன்றைய டோரிங்டன் ஊரில், எக்ஸெல்சியர் நீடில் கம்பெனி தொடங்கப்பட்டது. ஊருக்குப் புகழ் தேடித் தந்த டோரிங்டன் கம்பெனியாகப் பின்னால் வளர்ந்ததும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. உருண்டையான பொருள்களுக்குத்தான் பெரிதும் பொருந்தும். அளவுக்கு மீறி அடித்தால் உலோகம் விறைத்து விரிசல் விடும்; நடுவே சூடுகாட்டி இளக்க வேண்டியிருக்கும். ஊசியிலும் உடம்புவரைதான் இதன் வேலை. காது துளைக்க, நூல் ஓடும் பள்ளம் போட, பனியன் துணியின் கண்ணியை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும் உருண்டை முனையைத் தீட்ட, தனித்தனி மெஷின்கள் காத்திருக்கின்றன.