ஆள் இறங்கும் முன் கேமரா இறங்கட்டும்

காங்கேயத்துக்கு வடக்கே நொய்யலின் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்குச் சாயக்கழிவின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த அணையில் திருப்பூரின் சாயநீர் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறும் வயலும் உப்பேறின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. ஆற்றில் எல்லோர் கண்ணிலும் பட்ட கழிவு இன்று நிலத்தடிக் குழாய்க்கும் மூடிய தொட்டிக்கும் போய்விட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கண்காணிக்கும் வழக்கம் அதோடு சேர்ந்து வளரவில்லை. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்த தொழிலாளர்கள் மூவர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஆள் இறங்கும் முன் கருவி இறங்க வேண்டும் என்பதை இனியும் தள்ளிப்போட முடியாது.

இந்தத் தொட்டிகளில் பதுங்கியிருக்கும் முக்கிய எதிரி ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் புகாத கசட்டில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட் உப்பிலிருந்து இதை உண்டாக்குகின்றன. பருத்தியில் சாயம் பிடிக்கப் பட்டறைகளில் சேர்க்கும் குளோபர் உப்பும் சோடியம் சல்பேட்தான். மிகக் குறைந்த அளவிலேயே இந்த வாயு அழுகிய முட்டைபோல நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டதென்று எண்ணுவது அந்த நேரத்தில்தான். 500 பங்கைத் தாண்டினால் ஆள் சீக்கிரமே மயங்கிச் சாய்வார். காற்றைவிடக் கனமான வாயு அடியிலேயே தங்குவதால், தூக்கிவிட இறங்குபவரும் மாட்டிக்கொள்கிறார். இதே வாயு கான்கிரீட் குழாயின் ஈர மேற்புறத்தில் வேறு பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகிச் சிமென்ட்டை அரிக்கிறது. ஆளைக் கொல்வதே குழாயையும் கொல்வதால், உள்ளே என்ன நடக்கிறது என்று அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

பார்க்கக் கருவிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த ‘பண்டிகூட்’ ரோபோ, பாதாளச் சாக்கடைக் குழிக்குள் கால்களை விரித்து நின்று கையால் கசட்டை வாரும். அதன் கேமராவும் வாயு உணரிகளும் குழிக்குள் இருக்கும் நிலவரத்தை மேலே நிற்பவருக்குத் திரையில் காட்டும். கும்பகோணத்தில் இது தொடக்கத்திலேயே பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை ஐஐடியில் உருவான ‘ஹோமோசெப்’, மலக்கழிவுத் தொட்டிக்குள் குடைபோல விரியும் கத்திகளால் இறுகிய கசட்டைக் கரைத்து உறிஞ்சத் தோதாக்கும். அங்கிருந்து கிளம்பிய சோலினாஸ் நிறுவனம், குழாய்க்குள் ஊர்ந்து விரிசலையும் அடைப்பையும் படமெடுக்கும் ரோபோக்களையும் செய்கிறது.

விலை அதிகம் என்பார்கள். தனிப் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாதுதான். ஆனால், தனித்தனியே கட்ட முடியாத சுத்திகரிப்பு நிலையங்களைக் கூடிக் கட்டியவர்கள் இந்த வட்டாரத்துச் சாயப்பட்டறைக்காரர்கள். அதே வழியில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் நகராட்சிகள் சேர்ந்து ஒரு ரோபோவை வைத்துக்கொள்ளலாம். தொழிலாளர்களின் பிழைப்பு போய்விடும் என்ற கவலை இன்னும் நியாயமானது. கருவியை இயக்கும் வேலையை அவர்களுக்கே கொடுப்பதுதான் அதற்குப் பதில். முதல் ஹோமோசெப் கருவிகள், தூய்மைப் பணியில் கணவரைப் பறிகொடுத்த பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கே தரப்பட்டன. குறுகலான தொட்டி, கெட்டியான கசடு, வரைபடமே இல்லாத பழைய குழாய் ஆகியவற்றில் ரோபோ திணறும் என்பதும் உண்மை. அங்கே தொட்டியின் அமைப்பையே மாற்ற வேண்டுமே தவிர, ஆளை இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக்கியது. இறப்புக்குப் பின் வரும் பணத்தைவிட, முன்கூட்டியே செய்யும் சோதனைதான் நமக்கு வேண்டும். ஒவ்வொரு குழாயின் படமும் ஒவ்வொரு தொட்டியின் வாயு அளவும் பதிவேட்டில் ஏறட்டும். அந்தப் பதிவில்லாமல் எந்தத் தொட்டியிலும் குழாயிலும் வேலை தொடங்க அனுமதி தரக் கூடாது.