சின்ன வட்டத்தில் மனம் ஏன் ஒட்டுகிறது?

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் கவர்னர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். அவர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும், துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடித்துத்தான் தேரோட்டம் தொடங்குகிறது. கூட்டம் அலைமோதும் அந்த வடத்தில் கைவைத்தவர்கள் எல்லாரும் முழு பலத்தோடு இழுக்கிறார்களா?

பிரான்சில் ஒருவர் இதை அளந்தே பார்த்தார். மாக்சிமிலியன் ரிங்கெல்மான் என்ற வேளாண் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையைக் கணக்கிட்டார். முடிவு 1913-இல் அச்சேறியது. தனியாக இழுப்பவரின் பலத்தை நூறு என்று கொண்டால், எட்டுப் பேர் சேரும்போது ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பதுதான் தேறியது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் வந்த குறையாக இருக்கலாமே? அமெரிக்க ஆய்வாளர்கள் 1974-இல் இதைச் சோதித்தார்கள். ஒருவருடைய கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதாக நடித்தார்கள், இழுக்கவே இல்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பியதுமே அவர் தம் பிடியைத் தளர்த்திவிட்டார்.

பெரிய சமூக ஊடகங்களில் நாம் வெறும் பார்வையாளராகிப் போவதற்கும் இதுதான் முதல் காரணம். பேஸ்புக்கை மாதந்தோறும் 300 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கடலில் ஒருவர் பேசாமல் போனால் தேடுவார் யாருமில்லை. 2006 செப்டம்பர் வரை அங்கே நண்பர் ஒருவரின் செய்தியை அறிய அவர் பக்கத்துக்கே போகவேண்டியிருந்தது. அதன்பிறகு நியூஸ் ஃபீட் எனும் செய்தியோடை வந்தது. யார் பேச்சு யார் கண்ணில் படவேண்டும் என்பது மெல்ல மெல்ல இயந்திரத்தின் முடிவானது. 2018-இல், நண்பர்கள், உறவினர்கள் பேச்சுக்கே முன்னுரிமை என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். அந்த மாற்றம் கோபமூட்டும் பதிவுகளைத்தான் மேலே தள்ளுகிறது என்று அவருடைய ஊழியர்களே எச்சரித்ததை 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட உள் ஆவணங்கள் காட்டின.

இன்னொரு காரணம் கூச்சம். மாமியார், மேலதிகாரி, பழைய வாத்தியார், முகம் தெரியாத கட்சிக்காரர் என அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படிக்கும் இடத்தில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்தும் கோயில் படமும் போதும் என்று ஒதுங்கிவிடுவார்கள்.

சின்ன வட்டத்தின் அருமை ஆபத்தில் தெரியும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ஏறத்தாழ ஐந்தடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க, ராணுவம் வந்து மக்களை மீட்டது. அப்படிப்பட்ட இரவில் எந்தத் தெருமுனையில் எவ்வளவு ஆழம், எவர் வீட்டு மாடியில் இடம், பால் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் பக்கத்து வீதிக்காரருக்கு மட்டுமே தெரியும். லட்சம் பேர் பார்த்த வெள்ளக் காணொளி அந்த நேரத்துக்கு உதவாது.

சின்ன வட்டம் எவ்வளவு சாதிக்கும் என்பதற்குத் தமிழில் நல்ல சான்று தமிழ் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கிய அதற்கு, அபுதாபியில் பணியாற்றிய யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் மயூரநாதன் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் இதைக் கட்டியெழுப்பிய தீவிரப் பங்களிப்பாளர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். அவர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி. புதியவர் உதவி கேட்கும் இடம் ஒத்தாசைப் பக்கம். இலங்கை, தமிழ்நாடு, கனடா எனச் சிதறிக் கிடப்பவர்கள் ஒருவர் எழுத்துப்பிழையை இன்னொருவர் திருத்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுநாளும் வருகிறார்கள்.

2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. எண்ணிக்கை மளமளவென்று கூடியது. நடையோ செயற்கையாக இருந்தது. பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் வரவில்லை. தரத்தைப் பேணவேண்டும், தலைப்புகளைச் சமூகமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கவேண்டும் என்று பயனர்கள் வாதாடினார்கள். 2010-இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே தமிழ் விக்கிப்பீடியா பயனர் ரவிசங்கர் இதை ஆய்வுரையாக வைத்தார். உலகப் பெரு நிறுவனத்திடம் தன்னார்வலர்கள் நேருக்கு நேர் பேசியது பெருமைக்குரிய செய்தி. இது தங்கள் வீடு என்ற உரிமை உணர்விலிருந்து வந்த தைரியம் அது.

தமிழ்ச் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த உணர்வு பழகிய ஒன்று. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டுதான் தொடங்கினார். அந்தச் சிறு வட்டத்திலிருந்துதான் தமிழ்ப் புதுக்கவிதை எழுந்து நின்றது.

ஆனாலும் சின்னதெல்லாம் நல்லது என்று நம்பிவிடக்கூடாது. 2018 மே மாதம், குழந்தை கடத்தல்காரர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட வதந்திகள் உறவும் நட்பும் கூடிய சின்னக் குழுக்களின் வழியாகவும் பரவுகின்றன. தெரிந்தவர் அனுப்பியது என்பதாலேயே நம்பிவிடுகிறோம். அந்த ஆண்டு இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதே வாட்ஸ்அப், 2022-இல் குழுவின் அளவை 256-லிருந்து 512 ஆகவும், பிறகு 1024 ஆகவும் உயர்த்தியது.

விக்கிப்பீடியாவில் ஆதாரம் கேட்பார்கள். தராவிட்டால் வரி நீக்கப்படலாம். குடும்பக் குழுவில் அப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்கிறோம். இந்தத் தயக்கத்தை விடவேண்டும். தெருக் குழுவோ, பழைய மாணவர் குழுவோ, நடத்துபவர் மூன்று காரியம் செய்தால் போதும். வரும் செய்திக்கு ஆதாரம் கேளுங்கள். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தால், வீதிவாரியாகப் பிரித்துவிடுங்கள்.