சிறு தகடு சொல்லும் உண்மை

போர் வாகனங்களின் மாதிரிகளைச் செய்வது பல நாடுகளில் விரும்பிப் பயிலப்படும் கைவினையாகும். கடையில் கிடைக்கும் நெகிழிப் பகுதிகளை ஒட்டினாலே வண்டியின் உருவம் அமைந்துவிடும். எனினும், தேர்ந்த கைவினைஞர் அதன் கவசப் பகுதிகள் சிலவற்றைத் தாமே செய்து பொருத்துவர். அதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையினர் 'பான்சர் 4' என்னும் டாங்கியைப் பயன்படுத்தினர். அதன் உடற்பகுதியின் பக்கக் கவசம் 30 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. சோவியத் வீரர்களின் 14.5 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகள் அருகிலிருந்து சுட்டால் அதனைத் துளைக்க வல்லவை. ஆகவே, 1943ஆம் ஆண்டில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை வண்டியின் இருபுறமும் சற்று விலக்கித் தொங்கவிட்டனர். பாய்ந்து வரும் குண்டு முதலில் அத்தகட்டில் மோதி, நிலைகுலைந்து, விசை குறையும்.

இத்தகட்டை 1 : 35 என்னும் அளவில் செய்வதாகக் கொள்வோம். ஐந்தை முப்பத்தைந்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் கிடைக்கும். அதற்கு மாறாக 1 மில்லிமீட்டர் நெகிழித் தகட்டைப் பொருத்தினால், அது 35 மில்லிமீட்டர் எஃகைக் குறிக்கும். காக்கும் தகடு, காக்கப்படும் கவசத்தைவிடத் தடித்துவிடும்! வண்டியின் வரலாறே அங்குப் பொய்த்துப் போகும்.

எனவே, கைவினைஞர் மெல்லிய பித்தளைத் தகட்டை அளந்து வெட்டி, விளிம்புகளை அரத்தால் தேய்த்துச் சீராக்குவர். நெகிழியை ஒட்டும் பசை உலோகத்தைப் பற்றாது. அதற்கு உடனே இறுகும் வேறு பசை வேண்டும். உலோகத் தகட்டை மெல்ல வளைத்து, மரத்தில் உரசி நெளிந்ததுபோலவும் காட்டலாம்.

போர்க்களத்தில் இத்தகடுகள் அடிக்கடி கழன்று விழுந்தன. அக்காலப் புகைப்படங்களில் ஓரிரு தகடுகள் இல்லாத வண்டிகளைக் காணலாம். ஆதலின், மாதிரியில் ஒரு தகட்டை விட்டுவிட்டு, அதனைத் தாங்கும் சட்டத்தை மட்டும் காட்டுவதும் பொருத்தமே. ஆனால், 1940ஆம் ஆண்டில் பிரான்சில் போரிட்ட வண்டிக்கு இத்தகடுகளைப் பொருத்துதல் பிழையாகும். அன்று அவை தோன்றவேயில்லை.

ஒரு தகட்டைச் செய்யுமுன் அதன் அளவு, காலம், தேவை ஆகிய மூன்றையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு செய்யப்பட்ட மாதிரி, காண்போருக்கு வரலாற்றை உள்ளவாறே உணர்த்தும்.