அயர்லாந்துப் பிடிலும் தமிழகத்துச் செவிகளும்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையை நம் மாணவர்கள் நன்கறிவர். அதன் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணன் கையிலுள்ள யாழின் உறுப்புகளை உவமைகளால் விளக்கிய பின்னரே வழியைச் சொல்லத் தொடங்குகிறார். கருவியைச் சுமந்து, புரவலர் மனை தேடி ஊர் ஊராகச் சென்ற இத்தகைய கலைஞர் நமக்கு மட்டும் உரியவர் அல்லர். ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள அயர்லாந்திலும் அவர்கள் இருந்தனர். பதினெட்டாம் வயதில் அம்மை நோயால் பார்வையிழந்த டர்லோ ஓ கரொலன் (1670–1738), நம் யாழை ஒத்த ஹார்ப் என்னும் கருவியோடு குதிரையேறிச் செல்வர் இல்லந்தோறும் சென்றார். விருந்தளித்தோர் பெயரால் மெட்டுகள் அமைத்தார். நம் யாழ் வழக்கொழிந்தது போலவே அங்கும் ஹார்ப் பின்தங்கிற்று. முன்னுக்கு வந்த கருவிகளுள் தலையாயது பிடில்.

அந்நாட்டு இசை நமக்கு முற்றிலும் அயலானதன்று என்பது பலர் அறியாத செய்தி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில், முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில், இராமசாமி தீட்சிதர் தம் மக்களுடன் வாழ்ந்து வந்தார். மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர் (1775–1835), இளையவருள் ஒருவர் பாலுசாமி தீட்சிதர். புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டிற்று. பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு ஏற்ப ஆக்கினார். முத்துசாமியோ தாம் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவையே நோட்டுஸ்வரங்கள்; ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. காஞ்சி ஏகாம்பரநாதரைப் பாடும் 'காஞ்சீசம் ஏகாம்பரம்' அவற்றுள் ஒன்று. 'வந்தே மீனாட்சி' என்பதன் மெட்டு, கார்க் மாவட்டத்து மேலோ என்னும் சிற்றூரின் ஊதாரி இளைஞரைக் குறித்த 'ரேக்ஸ் ஆப் மேலோ' என்ற ஐரிஷ் மெட்டேயாகும். குடித்துக் களித்தோரின் மெட்டு மதுரை அன்னையின் துதியாயிற்று! சங்கராபரணத்துச் சுரங்களில் அது இயல்பாகப் பொருந்திக்கொண்டது. வந்தேறி மெட்டு என்று எவரும் அதனைத் தள்ளவில்லை.

பிடில் என்பதும் வயலின் என்பதும் ஒரே கருவிதான். பெயர் மாறுவது வாசிக்கும் மரபைப் பொறுத்தது. (வில்லால் இழைத்து ஒலியெழுப்பும் ரபாப் என்னும் அரபுக் கருவி இதன் முன்னோர்களுள் ஒன்றென்பர். 10ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் அல்ஃபாராபி தம் இசைப் பெருநூலில் ரபாபைப் பற்றி எழுதியுள்ளார்.) நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பைக் காற்பாதத்தில் ஊன்றி, நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டுவர். ஐரிஷ் கலைஞரோ நாற்காலியில் அமர்ந்து, காலால் தாளமிட்டு, ஆட்டத்திற்காக வாசிப்பவர். நம் கமகத்தில் சுரம் வளைந்து அசையும். அவர்கள் அதை வெட்டியும் சுழற்றியும் நொடிப்பொழுதில் அணி செய்வர்.

மெட்டின் அமைப்பு மிக எளியது. எட்டு அளவுகள் கொண்ட முற்பகுதி இருமுறை, எட்டு அளவுகள் கொண்ட பிற்பகுதி இருமுறை, ஆக முப்பத்திரண்டு. ஒரு சுற்று ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மும்மூன்றாக நடப்பது ஜிக். நந்நான்காக ஓடுவது ரீல். நம்முடைய திஸ்ரம், சதுஸ்ரம் போன்றவை எனக் கொள்ளலாம். சலிப்புத் தட்டாதோ எனில், தட்டுவதில்லை. தேர்ந்த கலைஞர் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு சுரங்களை மாற்றுவார். வில்லின் அழுத்தத்தை இடம் மாற்றுவார். எங்கள் செவிலிமேட்டுத் தறிக்காரர்க்கு இதனை விளக்கவே வேண்டுவதில்லை. ஒரே கரையை ஆயிரம் முறை நெய்பவர்க்குத் தெரியும், ஒரு சேலையின் கை மற்றொரு சேலையில் வருவதில்லை என்று.

கித்தார் இவ்விசைக்குள் நுழைந்தது அண்மைக்காலத்தில்தான். பழைய இசைத்தட்டுகளில் பிடிலுக்குப் பெரும்பாலும் பியானோவே துணை. அது மெட்டைத் தாங்குவதை விட மிதிப்பதே மிகுதி. 1960களின் தொடக்கத்தில் டேவி கிரகாம் என்ற ஆங்கிலக் கலைஞர், மொராக்கோவில் ஊது வாசிப்போருடன் இசைப்பதற்காகக் கித்தாரின் ஆறு தந்திகளைப் புதுமுறையில் சுருதி கூட்டினார். நம் சுரங்களில் சொன்னால் அது ச-ப-ச-ம-ப-ச. இதில் காந்தாரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காந்தாரமின்மையால் எம்மெட்டின் குணத்தையும் அது கெடுப்பதில்லை. நம் தம்புரா போல அடியில் நின்று ஒலிக்கிறது. அரபு ஊதுக்காகப் பிறந்த இம்முறையை ஐரிஷ் கலைஞர் தமதாக்கிக்கொண்டனர். கெவின் பர்க்கின் பிடிலும் மீஹால் ஓ டோனலின் கித்தாரும் இணைந்த 'ப்ராமனேட்' (1979) இசைத்தட்டைக் கேட்டால், காஞ்சிப் பட்டின் கோர்வை நினைவுக்கு வரும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் இழைக்கு இழை பிணைந்தும் தத்தம் நிறம் கலங்குவதில்லை.

இத்துணை எளிய இசை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது எங்ஙனம்? தானாக நிலைத்தது என்று எண்ணுவோர் அந்நாட்டு வரலாற்றை அறியாதோர். 1845 முதல் 1849 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். மெட்டுகளைச் செவிவழி காத்த ஊர்கள் வெறிச்சோடின. பின்னர் 1935ஆம் ஆண்டின் நடனக்கூடச் சட்டம் வீட்டு முற்றங்களில் நிகழ்ந்த ஆட்டங்களையும் அருகச் செய்தது. இசை அழிந்திருக்க வேண்டும்.

அழியாமைக்குக் காரணம் சிலருடைய பிடிவாதம். கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓ நீல், குடியேறிய ஐரிஷ் மக்களிடம் மெட்டுகளைத் தேடித் தொகுத்தார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. ஆதலின் அவர் இசைத்துக் காட்ட, உடன் பணிபுரிந்த ஜேம்ஸ் ஓ நீல் எழுதினார். 1903இல் வெளிவந்த அத்தொகுப்பில் 1850 மெட்டுகள் உள்ளன. ஸ்லைகோவிலிருந்து 1914இல் அமெரிக்கா சென்ற மைக்கேல் கோல்மனின் (1891–1945) இசைத்தட்டுகள் கடல் கடந்து தாயகம் திரும்பின. கிராமத்துப் பிள்ளைகள் அவற்றைக் கேட்டே தம் பாட்டனார் இசையை மீண்டும் கற்றனர். 1951இல் ஆர்வலர் கூடி ஒரு சங்கம் கண்டு, மல்லிங்கர் நகரில் முதல் இசைத்திருவிழாவை நடத்தினர். இன்று உலகெங்கும் அதற்குக் கிளைகள் உண்டு.

செவிலிமேட்டில் குழித்தறிகள் குறைந்து வருவதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் அறிவர். கோர்வை போட இருவர் வேண்டும். ஒருவர் உடலுக்கு நாடா விட, துணைக்கு அமர்பவர் கரைக்கு விடுவார். அத்துணையாளாக அமர்ந்தே பிள்ளைகள் தொழிலைக் கற்றனர்; இன்று அவ்விடத்தில் அமரப் பிள்ளைகள் இல்லை. நம் துறை மாணவர் இருவர் முதிய நெசவாளரிடம் சென்று தறிச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். வேலைக்கிடையே அம்முதியவர்கள் வாய்க்குள் முனகும் மெட்டுகள் மட்டும் ஏட்டில் ஏறவில்லை. அதற்கு ஒரு ஜேம்ஸ் ஓ நீல் இன்னும் கிடைத்தபாடில்லை.