நல்ல ஷூ ஹார்ன் ஒன்று வாங்குங்கள்

நீங்கள் அதிகம் போடும் ஷூவை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மேல் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கிறதா? குதிகால் உரசும் இடத்தில் துணி கிழிந்து உள்ளே இருப்பது தெரிகிறதா? அப்படியென்றால் அடிப்பாகம் தேயாமல் இருந்தாலும் அந்த ஷூ சீக்கிரமே குப்பைக்குப் போகும். இதைத் தடுக்க ஒரு சின்னப் பொருள் போதும். ஷூ ஹார்ன் (குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி இறக்க உதவும் வளைந்த தகடு) என்று கடைகளில் கேளுங்கள்.

இது பெரிய அதிகாரிகள் வைத்துக்கொள்ளும் ஆடம்பரம் அல்லவா என்று நினைக்கலாம். உண்மையில் நமக்குத்தான் இது அதிகம் தேவை. காலையில் ஷூவை மாட்டி இரவில்தான் கழற்றுகிற ஊர்களில் ஒரு நாளைக்கு ஒரு தடவை மாட்டினால் போதும். நாம் அப்படியா? வீட்டு வாசலில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், உறவினர் வீட்டில் கழற்றுகிறோம், சில மருத்துவர்களின் அறைக்கு வெளியேயும் கழற்றுகிறோம். ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் லேஸைக்கூட அவிழ்க்காமல் குதிகாலால் பின்பக்கத்தை மிதித்து நுழைக்கிறோம். ஷூ கெடுவது நடப்பதால் மட்டும் இல்லை. மாட்டும் விதத்தாலும் கெடுகிறது.

பின்பக்கம் மடிந்தால் என்ன, நிமிர்த்திவிட்டால் போகிறது என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஷூவின் பின்பக்கத்தில் வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே ‘கவுண்ட்டர்’ (குதிகாலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் விறைப்பான பட்டை) ஒன்று இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள். தோல்தூள் அட்டையிலோ, சூடாக்கி வடிவத்துக்குக் கொண்டுவரும் பிளாஸ்டிக்கிலோ அதைச் செய்வார்கள். ஒரு முறை நன்றாக மடிந்து உடைந்துவிட்டால் அது பழைய விறைப்புக்குத் திரும்புவதில்லை. அடிப்பாகம் தேய்ந்தால் மாற்றலாம், தையல் விட்டால் தைக்கலாம். கவுண்ட்டர் உடைந்தால் ஷூவின் பின்பக்கத்தையே பிரிக்க வேண்டும். தெருமுனையில் தைப்பவர் அதைக் கையில் எடுக்கத் தயங்குவார். உள்தோல் மட்டும் கிழிந்த நிலையில் கொண்டுபோனால், மெல்லிய தோலை உள்ளே ஒட்டித் தைத்துக் கொடுப்பார். அதுவே காப்பாற்றக்கூடிய கடைசிக் கட்டம்.

கவுண்ட்டர் உடைந்த ஷூவில் நடந்தால் என்ன ஆகும்? குதிகால் உள்ளே அங்குமிங்கும் நகரும். உடைந்த பட்டையின் முனை உரசிக் கொப்புளம் வரும். படி இறங்கும்போது கணுக்கால் பிசகவும் வாய்ப்பு அதிகம். விளையாட்டு ஷூவுக்கும் இது பொருந்தும். அதன் பின்விளிம்பில் பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருப்பதால் மென்மையானது என்று நினைத்து மிதிக்கிறோம். துணி கிழிந்ததும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் முனை நேராகத் தோலில் குத்தும்.

விரலையோ கரண்டியையோ வைத்து மாட்டினால் போதாதா? விரல் நசுங்கும், நகம் பெயரும். கரண்டி நீளம் போதாது. அதன் விளிம்பும் உள்தோலைக் கீறும். எங்காவது வெளியூரில் ஷூ ஹார்ன் இல்லாமல் சிக்கிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது. கைக்குட்டையைக் குதிகால் பக்கம் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கும்படி வைத்துக் காலை இறக்கி, பிறகு மேலே உருவிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு உதவும். தினசரிக்கு நல்ல தகடு வேண்டும்.

ஷூ கடையில் இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் ஒன்று வீட்டில் இருக்கிறதே என்றால், இருக்கும்வரை பயன்படுத்துங்கள். ஆனால் அது பெரும்பாலும் நடுவில் முறியும். முறிந்த முனை கூர்மையாக இருப்பதால் குழந்தைகள் கையில் படாமல் உடனே எறிந்துவிடுங்கள். இதற்கு மாறாக, இங்கிலாந்தில் 1590களில் ராபர்ட் மிண்டம் என்பவர் மாட்டுக்கொம்பில் செதுக்கிய ஷூ ஹார்ன்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நன்றாகச் செய்தால் தலைமுறை தாண்டி நிற்கும் பொருள் இது. உலோகத்தில் ஒன்று வாங்கினால் மறுபடி வாங்கும் தேவையே வராது.

எந்த உலோகம்? என் முதல் தேர்வு எவர்சில்வர். வழவழப்பாக இருப்பதால் சாக்ஸ் தடையில்லாமல் இறங்கும், துடைப்பதும் எளிது. பித்தளை கனமாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் களிம்பு ஏறி வெள்ளை சாக்ஸில் பச்சைக் கறை படியும். பாத்திரத்துக்குச் செய்வதுபோல் அவ்வப்போது புளி போட்டுத் தேய்க்க மனமிருந்தால் வாங்குங்கள். அலுமினியம் இலேசானது, சீக்கிரம் வளையும், வெளிர்நிறத் துணியில் கருமை ஒட்டும். விட்டுவிடலாம்.

மிகவும் கவனிக்க வேண்டியது, இரும்பின்மேல் பளபளப்பாக முலாம் பூசியவை. கடையில் எவர்சில்வர் மாதிரியே மின்னும். முலாம் முதலில் விளிம்பில்தான் உரியும், அங்கேதான் துருவும் தொடங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாமா? ஓரளவுதான். சமையல் பாத்திரங்களில் சாதாரணமாகப் பயன்படும் எவர்சில்வர் வகையில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் பிடி இலேசாகவே இருக்கும். ஆனால் காந்தம் நன்றாக ஒட்டும் எவர்சில்வர் வகையும் உண்டு. அதனால் ஒட்டாவிட்டால் நிம்மதியாக வாங்குங்கள். ஒட்டினால் விளிம்பையும் தொங்கவிடும் துளையின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். நிறம் மாறியோ, தோல் உரிந்தோ தெரிந்தால் அது முலாம்.

உறுதியை எப்படிச் சோதிப்பது? இரண்டு முனைகளையும் பிடித்து இலேசாக அழுத்துங்கள். நெளிந்து அப்படியே நின்றால் வேண்டாம். கனமான தகடு நல்லது என்றாலும் கனம் மட்டும் போதாது, நடுவில் குழிவும் வேண்டும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாவை இழுத்தால் அது காற்றில் நேராக நிற்கிறதல்லவா? அந்த மெல்லிய தகடு நிற்பதற்குக் காரணம் அதன் குறுக்கே உள்ள குழிவு. ஷூ ஹார்னும் அதே முறையில்தான் விறைப்பைப் பெறுகிறது. தட்டையானது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். கைப்பிடி தனியாக, தகடு தனியாகச் செய்து பற்றவைத்திருந்தால் அந்த இணைப்பை ஆட்டிப் பாருங்கள். அதுதான் முதலில் விடும். முழுதும் ஒரே தகட்டில் செய்தது கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்து விளிம்பு. இதை மட்டும் தவறவிட வேண்டாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க ஓட்டுங்கள். எங்காவது நார் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. அந்தப் பிசிறு சாக்ஸையும் கிழிக்கும், தோலையும் கிழிக்கும். ஆன்லைனில் வாங்கினால் வந்ததும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, பிசிறு இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நீளம் உங்கள் முதுகையும் முழங்காலையும் பொறுத்தது. உட்கார்ந்து மாட்டுபவருக்கு ஒரு சாண் போதும். நின்றபடி அதிகம் குனியாமல் மாட்ட 45 முதல் 60 செ.மீ. வரை வேண்டும். முதுகுவலிக்காரர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், முழங்கால் மடங்காதவர்கள் நீளமானதையே வாங்குங்கள். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பலரை, சில வாரங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். குனிந்து ஷூ மாட்டுவது அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். அவர்களுக்கு நீண்ட ஷூ ஹார்ன் மருந்துச் சீட்டில் இருக்கும் மாத்திரைக்குச் சமமான தேவை. கழற்றும்போதும் அதைக் குதிகாலுக்குப் பின்னால் விட்டு ஷூவைக் கீழே தள்ளிவிடலாம்.

இனி மாட்டும் முறை. முதலில் லேஸை நன்றாகத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள். முடிச்சை அவிழ்க்காமல் ஷூ ஹார்ன் போடுவதால்தான் பலர் ‘இது வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். விரல்களை ஷூவின் முன்பக்கம் வரை நுழையுங்கள். தகட்டின் குழிந்த பக்கம் குதிகாலைப் பார்க்க, புடைத்த பக்கம் ஷூவின் பின்சுவரைத் தொட வைத்து, நான்கைந்து செ.மீ. உள்ளே இறக்குங்கள். அடியைப் போய் முட்டத் தேவையில்லை. கையால் தகட்டைப் பின்சுவரோடு அழுத்திப் பிடித்தபடி குதிகாலை அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். குதிகால் அமர்ந்ததும் நேர் மேலே உருவுங்கள். பிறகு குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, பின்னுக்குத் தள்ளி, லேஸைக் கட்டுங்கள்.

கடப்பாரைபோல் நெம்பாதீர்கள். நெம்பினால் முழுப் பலமும் பின்பக்கத் தையலில் விழுந்து அது விட்டுப்போகும். வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே மாட்டட்டும். நின்று மாட்டுபவர்கள் ஒரு கையைச் சுவரில் ஊன்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கால் இறங்கவில்லையா? அப்போது பிரச்சினை ஷூவின் அளவில் இருக்கிறது. ஷூ ஹார்ன் இறுக்கமான ஷூவைப் பெரிதாக்காது. பொருந்தாத ஷூவுக்குள் காலைத் திணிக்க மட்டுமே உதவும். அது பிறகு நகத்தையும் சுண்டுவிரலையும் வதைக்கும். பகலில் நடந்து கால் சற்று வீங்குவதால், அடுத்த ஜோடியை மாலையில் போய் வாங்குங்கள். நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 செ.மீ. இடம் இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தகடு கீறியதுகூடத் தெரியாது, அந்தக் கீறல் ஆறாப் புண்ணாக மாறலாம். சாக்ஸ் இல்லாமல் உலோகத் தகட்டை வைக்காதீர்கள். முனை உருண்டையாக இருக்கும் ஒன்றையே பயன்படுத்துங்கள். மாட்டும் முன் ஷூவுக்குள் கைவிட்டுக் கல், ஆணி, மடிந்த துணி இருக்கிறதா என்று பாருங்கள்; இரவில் குதிகாலையும் பாருங்கள். உணர்ச்சி மிகவும் குறைந்திருந்தால், அகலமாகத் திறந்து ஒட்டுப்பட்டையால் மூடும் காலணி உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் யாருக்காவது சேற்றுப்புண் இருந்தால் பயன்படுத்தியபின் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மற்றபடி எவர்சில்வருக்குப் பராமரிப்பு என்று எதுவும் இல்லை. வைக்கும் இடம்தான் முக்கியம். இழுப்பறைக்குள் போனால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஷூ வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். வெளியே அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியவராக இருந்தால், பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீளத்தில் சிறியது ஒன்றை வாங்கி அலுவலகப் பையின் வெளி ஜிப்பில் போட்டு வையுங்கள்.